க்ளெனாராவின் ஐந்தாவது நர்ஸ்

ஆக்லாந்தில் பாபடோயிட்டோய் நவரத்தினத்தின் மகள் லோஜனா, ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு நாட்டின் தெற்குத் தீவின் கடைக்கோடியில் ஏதோ ஒரு பனிக்காட்டுக்குப் போகப்போகிறாள் என்ற சங்கதி, ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடியுமுன்பே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வாயை விட்டது வேறு யாருமல்ல, தாய் புஷ்பவதிதான். நாலு பேர் புத்தி சொன்னால் பெட்டை கேட்பாள் என்று கணக்குப் போட்டாள். நாலு பேரா சொன்னார்கள்? பிரசாதத் தட்டோடு நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள்.

யோகராணி சின்னம்மா, புஷ்பவதியின் ஒன்றுவிட்ட தங்கை, முதல் ஆளாகத் தொடங்கினாள். அங்கே நம் ஆட்கள் ஒருவரும் இல்லையாம், கறிவேப்பிலை கிடைக்காதாம், தனியாக இருக்கும் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசுவது எப்படியாம். ஒருமுறை குயின்ஸ்டவுனுக்கு மூன்று நாள் சுற்றுலா போய்வந்த ஒருவர் குளிரைப் பற்றிப் பேராசிரியர் போல விளக்கினார். லோஜனா எல்லாருக்கும் தலையாட்டினாள். பிரசாதப் புக்கையை வழித்துச் சாப்பிட்டாள். அடுத்தநாள் கடைக்குப் போய் முழங்கால்வரை வரும் சப்பாத்து ஒரு சோடி வாங்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய பதில் அதுதான்.

இருபத்தைந்து வயது அவளுக்கு. பிறந்தது, படித்தது, நர்ஸ் ஆனது எல்லாம் ஆக்லாந்தில்தான். மூன்று வருடமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தாள். ஆனால் முந்தைய வருடம் தூரத்து ஊர் ஒன்றிலிருந்து ஹெலிகாப்டரில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். லோஜனாவின் வயதுதான் இருக்கும். நேற்றே யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். லோஜனாவால் அப்படிப் போக முடியவில்லை. இங்கே ஒரு பிரிவில் அறுபது நர்ஸ்கள் நிற்கிறோம், அந்தப் பெண்ணின் ஊரில் 'நேற்று' ஒருவர்கூட இல்லையே என்ற எண்ணம் மனதில் கிடந்து அரித்தது. அதற்குப் பிறகு க்ளெனாரா என்ற ஊரின் கிளினிக்குக்கு நர்ஸ் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டாள். ஒருவரையும் கேட்காமல் விண்ணப்பித்தாள்.

புஷ்பவதி விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் சமையற்கூடத்தில் வேலை செய்பவள். நாள் முழுக்கக் குளிரறைக்குள் போய்வருகிறவள். அதனால் குளிரைப் பற்றித் தனக்குத் தெரியாததா என்று ஒரு வாதம் வைத்திருந்தாள். கெஞ்சினாள், அதட்டினாள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். மகள் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் தாய் சொன்னாள்: "போ. ரெண்டு மாசத்திலை வந்து கதவைத் தட்டுவாய். நான் திறந்துவிடுவன், அது வேறை. ஆனா ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு வீடியோவிலை முகம் காட்டோணும். ஒரு கிழமை தவறினாலும் நான் பிளேன் ஏறி வந்திடுவன்."

லோஜனா ஓம் என்றாள்.

நவரத்தினம் பேச்சு அதிகம் இல்லாத மனிதர். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஏப்ரல் கடைசியில் மகளை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். கார் நிறுத்தத்திலிருந்து பெட்டியை இழுத்து வரும்போது இரண்டு இடத்தில் நின்றார். பெட்டி பாரம் என்று லோஜனா நினைத்தாள், தானே வாங்கிக்கொண்டாள். காதை மூடிக்கொள், குளிர் காதால்தான் ஏறும் என்று மட்டும் அவர் சொன்னார்.

இன்வர்கார்கில் வரை இரண்டு மணி நேரம் விமானம், அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் கார். மூன்று பக்கமும் மலை, ஒரு பக்கம் ஆறு, நடுவே முந்நூற்று நாற்பது பேர், அவர்களைவிட நூறு மடங்கு ஆடுகள். ஒரு பள்ளிக்கூடம், ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு மதுக்கடை, ஒரு கிளினிக். அதுதான் க்ளெனாரா. நர்ஸுக்கு வீடு கிளினிக்கின் பின்பக்கத்தில், ஒரே கூரையின் கீழ். டாக்டர் இரண்டு கிழமைக்கு ஒரு வியாழக்கிழமை வருவார். மற்ற நாட்களில் நர்ஸ்தான் எல்லாம். ஆஸ்பத்திரி என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், ரோட்டில் பனி உறையாத நாளில் ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும்.

வந்த முதல் மூன்று கிழமையும் கிளினிக்குக்கு மொத்தம் பதினொரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் தபால் அலுவலகம் என்று நினைத்து வந்த வழிப்போக்கர்கள். லோஜனா அலமாரியைத் துடைத்தாள், மருந்துகளின் திகதி பார்த்தாள், திரும்பத் துடைத்தாள். இந்த ஊரில் யாருக்கும் நோய் வருத்தமே வராதா என்று ஒருநாள் ட்ரிஷைக் கேட்டாள். ட்ரிஷ் கிளினிக்கின் வரவேற்பாளர். அம்புலன்ஸ் ஓட்டுவதும் அவள்தான், நோயாளியை வாசலில் அதட்டி உட்காரவைப்பதும் அவள்தான். ஐம்பது வயது, ஆட்டுப்பண்ணைக்காரி, மனதில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேசத் தெரியாதவள்.

ட்ரிஷ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தாள். மூன்று வருடத்தில் நாலு நர்ஸ்கள் வந்தார்கள். எல்லாரும் இலையுதிர்காலத்தில் வந்து மலையைப் படம் பிடித்தார்கள். குழாய்த் தண்ணீர் உறையத் தொடங்கியதும் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை, ஒருவரும் க்ளெனாராவில் குளிர் உச்சத்தில் நிற்கும் ஓகஸ்ட் மாதத்தைக் கண்டதில்லை. ஊராருக்கு அலுத்துவிட்டது. போகப்போகிறவளிடம் வருத்தத்தைச் சொல்லி என்ன என்று இருக்கிறார்கள். இந்தக் குளிர்காலமும் நர்ஸ் போனால் கிளினிக்கைப் பூட்டிவிடுவோம் என்று மேலிடத்தில் இருந்து கடிதமும் வந்துவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு நேராகக் கேட்டாள், ஓகஸ்ட் முடியும்வரை இருப்பாயா என்று.

"இருப்பேன்," என்றாள் லோஜனா.

நாலு பேரும் இதைத்தான் சொன்னார்கள் என்றாள் ட்ரிஷ். கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். லோஜனாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்கே தனக்குள் சத்தியம் செய்துகொண்டாள். வானம் இடிந்து விழுந்தாலும் ஓகஸ்ட் முப்பத்தொன்று வரைக்கும் இந்தக் கதவைத் தான்தான் திறக்க வேண்டும்.

ஆட்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று புறப்பட்டாள். பண்ணை பண்ணையாகக் காரில் போனாள். ஜூன் தொடக்கத்தில் ஆலன் என்ற கிழவரின் பண்ணைக்குத் தடுப்பூசியோடு போனபோது, அவர் ஒரு கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடியே பேசினார். லோஜனா கவனித்தாள். கை எப்படி என்று கேட்டாள். வேலிக்கம்பி கீறியது, ஒன்றும் இல்லை என்றார் ஆலன். அவள் வளர்ந்த தெற்கு ஆக்லாந்தில் விரல் நுனி வெட்டுப்பட்டவர்கூட வாசலிலிருந்தே ஐயோ ஐயோ என்று வருவார். சத்தத்தை வைத்தே பாதி அளந்துவிடலாம். இங்கே அந்த அளவுகோல் செல்லாது என்று அவளுக்குப் பட்டது. கையைக் காட்டாமல் நகரமாட்டேன் என்று மாட்டுக்கொட்டகை வாசலில் நின்றாள். பத்து நிமிடம் நின்றாள், மூக்கு நீலம் பாரித்தது. கடைசியில் அவர் அலுத்துப்போய்க் காட்டினார். உள்ளங்கை பூசணிக்காய் போல வீங்கி, முழங்கைவரை சிவப்புக் கோடு ஓடியிருந்தது, உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. ஹெலிகாப்டர் வந்தது. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் கை அல்ல, ஆளே போயிருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அந்தக் கிழமைக்குப் பிறகு கிளினிக்கின் நாற்காலிகள் நிறையத் தொடங்கின.

ஒன்றும் இல்லை என்கிறவனிடம்தான் எல்லாம் இருக்கிறது என்று அவள் படித்துக்கொண்டது அங்கேதான். ஆனால் படித்த பாடத்தைத் தனக்குப் பொருத்திப் பார்த்தாளா என்றால், அதுதான் இல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் மூன்றரை மணிக்கு லோஜனா ஒரு நாடகத்துக்கு ஆயத்தமாவாள். கம்பளித் தொப்பியைக் கழற்றுவாள், இரண்டு சுவெட்டரையும் கழற்றுவாள், மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஹீட்டரோடு ஒட்டிக்கொண்டு இருப்பாள். உறைபனி பூத்த ஜன்னல் படத்தில் விழாதபடி போனைத் திருப்பி வைப்பாள். அம்மா, இஞ்சை ஒண்டும் பெரிசாக் குளிரில்லை என்பாள். ஜூன் நடுவில் ஒரு காலை, வளைவில் கார் கண்ணாடிப் பனியில் வழுக்கி வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. போன் வேலை செய்யவில்லை. ஆடு ஏற்றும் லொறிக்காரன் கண்டு தூக்கும்வரை இரண்டு மணி நேரம் உள்ளேயே கிடந்தாள். கால்விரல்கள் மரத்து, பயத்தில் பல்லும் கிட்டி, அம்மா அம்மா என்று தனியே அழுதாள். அடுத்த ஞாயிறு ரோட்டெல்லாம் சுத்தம், பயப்பட ஒன்றுமில்லை என்று அதே அம்மாவுக்குச் சொன்னாள். தூரத்தில் இருக்கிறவர்களைப் பதறவைக்கக் கூடாது, இது நம் சனத்தின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். நல்லதை உடனே சொல்வோம், கெட்டதை ஆறவைத்துச் சொல்வோம். லோஜனா இந்த நாட்டில் பிறந்தவள்தான், ஆனால் அந்த ரத்தம்தானே ஓடுகிறது.

ஜூலை இரண்டாம் ஞாயிறு பாபடோயிட்டோயிலிருந்து அழைப்பு வரவில்லை. ஒரு கலியாண வரவேற்புக்கு வந்தோம், போனில் சார்ஜ் இல்லை, அடுத்த கிழமை கதைப்போம் என்று தனோஜனின் போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. தனோஜன் அவளுடைய தம்பி, ஆக்லாந்தின் ஆல்பனியில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. ஒரு கிழமை தவறினாலும் பிளேன் ஏறுவேன் என்ற தாய், தானே தவறவிட்டதை லோஜனா யோசித்திருக்க வேண்டும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பதினாறு பிள்ளைகளுக்குக் காய்ச்சல், யோசிக்க நேரம் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சரியாக நாலு மணிக்கு அழைப்பு வந்தது. நவரத்தினம் நாற்காலியில் இருந்தார். நீலக் கட்டம் போட்ட சேர்ட், கழுத்துவரை பட்டன், மடியில் சால்வை, ஒரு கை அதற்குள். பின்னால் வீட்டு ஹோலின் கோயில் கலண்டர் தொங்கியது. பக்கத்தில் புஷ்பவதி சிரித்தபடி இருந்தாள், அளவுக்கு மிஞ்சிய சிரிப்பு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க, நவரத்தினம் சுகம் என்றார், மூச்சு எடுத்தார், பிறகு நல்ல சுகம் என்றார். லோஜனா ஹீட்டரிலிருந்து கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்தாள். அப்பா மேல் பட்டனைப் போட்டு அவள் கண்டதே இல்லை. கலண்டர் தொங்கிய சுவர் காற்றுக்கு மெல்ல ஆடியது. சுவர் எங்கேயாவது ஆடுமா? அப்போது பக்கத்தில் எங்கோ மூன்று தரம் பீப் பீப் பீப் என்றது. மருந்து ஏற்றும் பம்பின் சத்தம். மூன்று வருடம் கனவிலும் கேட்ட சத்தம்.

அது என்ன சத்தம் என்று கேட்டாள். மைக்ரோவேவ் என்றாள் புஷ்பவதி, கண் இமைக்காமல்.

"மைக்ரோவேவ் எப்ப அம்மா ஹோலுக்கை வந்தது?" என்றாள் லோஜனா. பிறகு கிளினிக்கில் பேசும் குரலில் சொன்னாள்: "அப்பா, சால்வைக்குள்ளை இருக்கிற கையை எடுங்கோ. எனக்குக் காட்டுங்கோ."

நவரத்தினம் மனைவியைப் பார்த்தார். மனைவி மேலே பார்த்தாள். நவரத்தினம் கையை எடுத்தார். புறங்கையில் ஊசி, அதிலிருந்து குழாய். குட்டு வெளிப்பட்டுவிட்டது. கிடங்கில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்து ஒன்பது நாள். நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்து நாலு நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிய திரைச்சீலையில் வீட்டுக் கலண்டரைக் கொண்டுவந்து ஊசி குத்தித் தொங்கவிட்டு, சத்திரசிகிச்சைக் காயத்துக்கு மேல் சேர்ட்டைப் பூட்டி, ஒரு நர்ஸை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்தச் சனம் இப்படி ஒரு வேலை பார்க்கும், சொல்லுங்கள். லோஜனா போனை வைத்தாள். கழற்றி வைத்த இரண்டு சுவெட்டரையும் மாட்டிக்கொண்டு ட்ரிஷைத் தேடிப் போனாள்.

விஷயத்தைச் சொன்னதும் ட்ரிஷ் ஒரு கணமும் யோசிக்கவில்லை. பதில் நர்ஸ் ஒருத்தி ஒரு கிழமைக்குக் கிடைப்பாள், உடனே போ, அப்பா முக்கியம் என்றாள். சொன்ன வாயில் பொய் இல்லை. ஆனால் பிறகு கையை நீட்டி, மருந்தறைச் சாவியைத் தந்துவிட்டுப் போ என்றாள். ஐந்தாவது தரம் கேட்கிறாள், முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது. லோஜனா இருந்த இரண்டு சாவியில் ஒன்றை மட்டும் கழற்றிக் கொடுத்தாள். மற்றதைத் தன் பைக்குள் போட்டாள். அடுத்த ஞாயிறு திரும்புகிறேன் என்றாள். ட்ரிஷ் சரி என்றாள், நம்பவில்லை.

பாபடோயிட்டோய் வீட்டுக்கு நவரத்தினம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தார். லோஜனா மருந்துகளை ஒழுங்குபடுத்தினாள், காயத்தைப் பார்த்தாள், நடக்க வைத்தாள், காலையில் அவருடைய நிறை பார்க்க ஒரு தராசும், அதைக் குறித்துவைக்க ஒரு கொப்பியும் வாங்கினாள். பார்க்க வந்த சனம் எல்லாம் அவளைக் கண்டு ஆறுதல்பட்டது. இனி என்ன, பிள்ளை வந்துவிட்டாள் என்றார்கள். யோகராணி சின்னம்மா இரண்டு சட்டி கறி கொண்டுவந்தாள், கூடவே மெல்பேர்ன் எஞ்சினியர் ஒருவனின் படத்தையும் கொண்டுவந்தாள். சனிக்கிழமை மத்தியானம் லோஜனா பெட்டி அடுக்கத் தொடங்கியபோதுதான் புஷ்பவதி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பழைய வேலைக்கு ஆள் தேவையாம், தெரிந்தவர் மூலம் கதைத்து வைத்திருக்கிறேன் என்றாள். பெட்டியிலிருந்து உடுப்புகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

லோஜனா உடுப்புகளை எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

இப்படியே இரண்டு தரம் நடந்தது. கடைசியில் புஷ்பவதி கட்டிலில் இருந்துவிட்டாள். "நீ பக்கத்திலை இருந்திருந்தா இது நடந்திருக்குமே? வீட்டிலை ஒரு நர்ஸை வளத்துவிட்டு, அந்த மனிசன் ஃபோர்க்லிஃப்ட்டிலை சுருண்டு கிடக்க, நான் விசரி மாதிரி ஆரையெல்லாம் கேட்டு ஓடினனான் தெரியுமோ?" என்றாள். கையில் கிடந்த சுவெட்டரால் கண்ணைத் துடைத்தாள். அது நடிப்பில்லை.

உண்மையில் அதே கேள்வியைத்தான் லோஜனாவும் விமானத்தில் வரும் வழியெல்லாம் தன்னைக் கேட்டுக்கொண்டு வந்தாள். சாவியை ட்ரிஷிடமே கொடுத்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். எழுந்து ஹோலுக்குப் போனாள். நவரத்தினம் தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தார். அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். நெஞ்சு நோ எப்போது தொடங்கியது, உண்மையைச் சொல்லுங்கோ என்று கேட்டாள்.

நவரத்தினம் தலையணையின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தார். பிறகு சொன்னார்: "பெப்ரவரியிலை."

பெப்ரவரியில் லோஜனா இந்த வீட்டில்தான் இருந்தாள். அடுத்த அறையில். விமான நிலையத்தில் அவர் இரண்டு இடத்தில் நின்றது பெட்டியின் பாரத்தால் அல்ல என்பது அந்த நிமிடம்தான் அவளுக்கு விளங்கியது. திரும்பிப் பார்த்தாள், புஷ்பவதி வாசலில் நின்றாள். அவளுக்கும் இது புதுச் செய்தி என்று முகம் சொன்னது.

"அம்மா, கேட்டீங்களோ? அடுத்த அறையிலை நான் இருக்கேக்கையும் அப்பா எனக்குச் சொல்லேல்லை. உங்களுக்கும் சொல்லேல்லை. நான் க்ளெனாராவிலை இருந்ததாலை இது நடக்கேல்லை, நாங்கள் மறைக்கிறதாலைதான் நடந்தது. நான் இஞ்சை நிண்டாலும் நீங்கள் மறைப்பியள். அப்ப நான் நிண்டு என்ன பிரயோசனம்?"

சொல்லிவிட்டு, தன் கணக்கையும் கொட்டினாள். பருத்திச் சட்டை, ஹீட்டர், திருப்பி வைத்த போன், வாய்க்காலுக்குள் கிடந்த இரண்டு மணி நேரம், எல்லாவற்றையும். புஷ்பவதி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். திட்டப்போகிறாள் என்று லோஜனா நினைத்தாள். புஷ்பவதி திட்டவில்லை. அவளுடைய தமையன் கனடாவில் இறந்துபோனபோது, வயிற்றில் தனோஜன் இருக்கிறான் என்று பதினேழு நாள் சொந்தக்காரர் அவளுக்கு மறைத்தார்கள். அந்தப் பதினேழு நாளும் அவள் அண்ணனுக்கு அனுப்பப் பலகாரம் செய்தாள், எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபது வருடமாகியும் அதை அவள் யாருக்கும் மன்னிக்கவில்லை.

"எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்திட்டன்," என்றாள் தாழ்ந்த குரலில். கொஞ்ச நேரத்தில் எழுந்து அறைக்குள் போனாள். லோஜனா பின்னால் போய்ப் பார்த்தபோது, பெட்டிக்குள் உடுப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பளிச் சுவெட்டர்களை மேலாக வைத்தாள்.

இனி ஒருவரும் ஒன்றும் மறைப்பதில்லை என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். நல்லதோ கெட்டதோ நடந்த அன்றே சொல்ல வேண்டும். தனோஜனும் ஓகே என்றான். ஞாயிறு பின்னேரம் பனி கொட்டும்போது லோஜனா க்ளெனாராவில் வந்து இறங்கினாள். கிளினிக்கின் விளக்கைப் போட்ட அரைமணி நேரத்துக்குள் ட்ரிஷ் வந்துவிட்டாள். வாசலில் சப்பாத்தைத் தட்டியபடி, இவளை மேலும் கீழும் பார்த்தாள். அப்பா எப்படி என்று கேட்டாள். பிறகு தன் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, நாளைக்கு எட்டு மணிக்கு மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஓகஸ்ட் எப்படிப்பட்ட மாதம் என்று நாலு நர்ஸ்களுக்கும் தெரியாமல் போனது அவர்களுடைய அதிர்ஷ்டம். குழாய் மட்டுமல்ல, கழுவித் தொங்கவிட்ட துவாயும் பலகையாகிவிடும். கதவுப்பிடியைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஊரில் பாதிப் பேருக்கு இருமல், மற்றப் பாதிப் பேர் வழுக்கி விழுந்தவர்கள். லோஜனா ஒருநாளும் எட்டு மணிக்குப் பிந்திக் கதவைத் திறக்கவில்லை. இரண்டு நாள் பனியைச் சவளால் வெட்டித்தான் திறந்தாள்.

இருபத்திரண்டாம் திகதி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பனி மூடி ரோட்டை முதல்நாளே அடைத்துவிட்டார்கள், ஹெலிகாப்டரும் எழும்பாத வானம். காத்திருப்பு அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருக்கும்போது போன் அடித்தது. புஷ்பவதி வேலை நேரத்தில் ஒருநாளும் எடுக்கிறவள் அல்ல. லோஜனா பிள்ளையின் தாயிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு மருந்தறைக்குள் போனாள்.

"லோஜனா, அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. நான் அம்புலன்சுக்கு நூற்றுப் பதினொண்டு அடிச்சிட்டன், வாறாங்கள். உன்னை வரச்சொல்லி எடுக்கேல்லை. சொல்லவேணுமெண்டு எடுத்தனான்."

ஒரு சொல்லையும் அவள் மறைக்கவில்லை. லோஜனா அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். உதடு என்ன நிறம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, கால் வீங்கியிருக்கிறதா, காலையில் நிறை எவ்வளவு. புஷ்பவதி போனைக் கதிரையில் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்து எண்ணிச் சொன்னாள். முதல்நாளைவிட இரண்டு கிலோ கூடியிருந்தது, அதையும் கொப்பியில் பார்த்துச் சொன்னாள். அப்பாவை நிமிர்த்தி இருத்துங்கோ, படுக்க விடாதேங்கோ என்றாள் லோஜனா. அம்புலன்ஸ் வந்ததும் போனை அவர்கள் கையில் கொடுக்கச் சொன்னாள். வந்தவரிடம் சத்திரசிகிச்சை நடந்த நாள், மருந்துகள், கூடிய நிறை எல்லாவற்றையும் ஒரு நிமிடத்துக்குள் ஒப்புவித்தாள். இதயம் களைத்து உடம்பில் தண்ணீர் சேர்கிறது என்று அவளுக்கும் பட்டது, அவருக்கும் பட்டது. பிறகு போன் நின்றுவிட்டது.

மருந்தறையை விட்டு வெளியே வந்தபோது ட்ரிஷ் கதவடியில் நின்றாள். முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். ரோடு திறந்ததும் நானே உன்னை விமானத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன், யாரும் உன்னைக் குறை சொல்லமாட்டார்கள் என்றாள்.

லோஜனா முகத்தைக் கழுவினாள். துடைத்தாள். அந்தப் பிள்ளையை முடித்துவிட்டு வருகிறேன், அடுத்தவரை ஆயத்தப்படுத்து என்றாள்.

பின்னேரம் ஆறு மணிக்குத்தான் மற்ற அழைப்பு வந்தது. கடைசி ஆளும் போய், லோஜனா வெறும் காத்திருப்பு அறையில் ஒரு கதிரையில் இருந்தாள். புஷ்பவதி ஆஸ்பத்திரி நடையில் நின்று கதைத்தாள். தண்ணீர் வெளியேற மருந்து கொடுத்திருக்கிறார்கள், மூச்சு சீராகிவிட்டது, நாலைந்து நாள் வைத்திருப்பார்களாம், நேரத்தோடு கூட்டிவந்தது நல்லது என்று டாக்டர் சொன்னாராம். லோஜனா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சரி அம்மா என்றாள்.

"நான் நல்லா அழுதிட்டன், பிள்ளை. அம்புலன்சிலை வரேக்கை முழுக்க அழுதனான். எல்லாத்தையும் சொல்லோணும் எண்டனி, அதையும் சொல்லுறன்."

"நானும் அழுதனான் அம்மா. மருந்தறைக்குள்ளை நிண்டு."

"பிறகு?"

"பிறகு எட்டுப் பேரைப் பாத்தனான்."

ஆஸ்பத்திரி நடையில் யாரோ வண்டில் தள்ளிப்போகும் சத்தம் கேட்டது.

"நாளைக்கும் பார்," என்றாள் புஷ்பவதி. "சாப்பிட்டியோ?"

ஓம் என்றுதான் இந்தக் கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் எப்போதும் சொல்வார்கள். லோஜனாவும் வாயைத் திறந்துவிட்டாள். பிறகு நிறுத்தினாள்.

"இல்லையம்மா," என்றாள். "காலமையிலையிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை."